இரண்டாவது படம்

எங்கள் ஸ்ரூடியோவின் கண்ணாடி அலுமாரியில், புது அல்பங்களுக்கும் மரச்சட்டங்களுக்கும் நடுவில், ஒரு பழைய பிளாஷ் இருக்கிறது. கமராவின் தலையில் பூட்டுகிற கையளவு கறுப்புப் பெட்டி. அதன் கண்ணாடி உட்பக்கமாகக் கருகிப்போய், புகை பிடித்த விளக்குச் சிமினிபோல் தெரியும். நெல்லியடிச் சந்தைக்கு வந்த கையோடு அடையாள அட்டைக்குப் படமெடுக்க ஏறுகிறவர்களில் யாராவது அதன் விலையைக் கேட்பார். விற்பதற்கில்லை என்பேன். வேலை செய்யுமோ என்பார். செய்யாது என்பேன். வேலை செய்யாத சாமானை ஏன் விற்கமாட்டேன் என்கிறேன் என்று அவர் என்னைப் பார்ப்பார். அதற்குமேல் எனக்கு வாய் வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. யுத்தத்தில் ஊர் விட்டு ஊர் ஓடிய காலம்; பிறகு திரும்பி வந்தபோது பள்ளிக்கூட வாங்கில் உட்கார வெட்கப்படுகிற வயதாகிவிட்டது. ஒரு ஸ்ரூடியோவில் படங்களுக்கு ஓரம் வெட்டுகிற வேலையில் சேர்ந்தேன். அப்படியே கமரா கைக்கு வந்தது. கமராவில் உள்ள ஆங்கிலச் சொற்கள் எனக்கு இன்றைக்கும் விளங்காது, எண்கள் விளங்கும். அதைவிட, கமரா ஒரு நல்ல மறைப்பு. கலியாணவீட்டில் எந்தப் பெரிய மனிதருக்கு முன்னாலும் அதை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்கலாம். "இஞ்சை பாருங்கோ" என்ற இரண்டு சொல்லோடு முப்பது வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காட்சியையும் இரண்டு தரம் எடுப்போம். கூட்டமாக நிற்கிறவர்களில் ஒருவர் எப்படியும் கண்ணை மூடிவிடுவார். தாலி கட்டுவது ஒருமுறைதான். ஐயர் நமக்காகக் காத்திருக்கமாட்டார். ஆகவே ஒன்று அடித்த கையோடு, கண் மூடியிருந்தால் என்று இன்னொன்று. யோசித்துச் செய்வதில்லை. விரல் தானாகவே பொத்தானை இரண்டு தரம் அமத்தும்.

என் மனைவிக்கு ஒரு தங்கை. எனக்கு மச்சாள். தெல்லிப்பழைப் பக்கத்தில் தோட்டம் செய்கிற குடும்பம். மச்சாள் அங்கே ஒரு தையல் கடையில் வேலை செய்தாள், பின்னேரங்களில் குத்துச்சண்டை பழகினாள். ஏன் இதற்குப் போனாள் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வாள். எனக்குச் சொன்னது, நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தால் யாருக்காவது அடிக்கவேண்டும்போல் இருக்கிறது என்பது. அவளைப் பழக்கியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். பகலில் யாழ்ப்பாணம் - கீரிமலை வழியில் பஸ் ஓட்டுவார். இளம் வயதில் தானும் சண்டை பிடித்தவர்; மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தன் வெங்காயக் கொட்டிலை ஒதுக்கி அதற்குள் கயிறு கட்டி மேடை செய்திருந்தார். வெங்காயம் அடுக்கியிருக்கிற மாதங்களில் அங்கே பழகும் பெண்கள் எல்லோருக்கும் கண்ணீர் ஓடும். அடி வாங்கி அழுதது யார், வெங்காயத்துக்கு அழுதது யார் என்று கண்டுபிடிக்க முடியாதது ஒரு வசதி என்பாள் மச்சாள்.

அவள் மாகாண இறுதிப் போட்டிக்கு வந்தபோது, நான்தான் போய்ப் படமெடுக்கவேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதுவரை நான் குத்துச்சண்டையைக் கண்ணால் கண்டதில்லை. கலியாணத்துக்குக் கொண்டுபோகும் பையை அப்படியே தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்து உள்ளரங்குக்குப் போனேன். நீளமான சூம் லென்ஸ், தலையில் பிளாஷ். வாசலில் சீருடை போட்டவர்கள் நின்றார்கள். என்ன சொல்லி உள்ளே போவது என்று தெரியாமல் வெளியே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அப்படி நின்ற நேரத்தில்தான் உள்ளே ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள், பிளாஷ் அடிக்கக்கூடாது என்று. பிறகு ஒரு கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து மேடைக்குக் கீழே ஒரு மூலையில் குந்தினேன்.

மச்சாளோடு மோதியவள் வன்னிப் பக்கத்துப் பெண். உயரம், நீண்ட கை. முதல் சுற்று எங்களுடையது என்பது எனக்கே விளங்கியது. இரண்டாம் சுற்றின் நடுவில் அவர்கள் திரும்பி வந்து, மச்சாளின் முகம் நேராக என் பக்கம் வந்தது. கலியாணத்தில் பெண் நிமிர்ந்து பார்க்கிற நொடி மாதிரி. நான் அமத்தினேன். வழக்கம்போல் இன்னொரு தரமும் அமத்தினேன். அடுத்ததாக நான் கண்டது மச்சாள் கயிற்றில் சாய்ந்திருந்ததை. நடுவர் விரல்களை விரித்து எட்டு வரைக்கும் எண்ணினார். அவள் எழுந்து கடைசிச் சுற்றையும் சண்டை பிடித்தாள். ஆனால் அந்த எண்ணிக்கையை அவளுக்கு எதிராக எழுதிவிட்டார்கள். தோற்றுவிட்டாள். அன்றைக்கு மண்டபத்தில் எத்தனையோ வெளிச்சங்கள் மின்னின, போன்காரர், பத்திரிகைக்காரர் என்று. எது யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் மச்சாளின் இரண்டு கண்ணும் அகலத் திறந்து எதிராளியைப் பார்க்கின்றன. இரண்டு கறுவிழியிலும் என் பிளாஷ் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. இரண்டாவது படம் இருட்டு. பிளாஷுக்கு மறுபடி சக்தி ஏற நேரம் போதாமல் மங்கலாக விழுந்த படம். அந்த இருட்டுக்குள், கண் இரண்டையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு அவள் தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. எதிராளியின் சிவப்புக் கையுறை அவள் தாடையில். கண் மூடியிருந்தால் என்று எடுக்கிற இரண்டாவது படம். இந்த முறை மூடவைத்தவன் நான். அதை யாருக்கும் காட்டவில்லை.

தோற்றதற்காக மாஸ்டர் கோபிக்கவில்லை. அவர் கண்டது வேறு. குத்து வரும்போது அவள் கண்ணை மூடித் தலையைத் திருப்பினாள் என்பதை மூலையில் நின்று கண்டுவிட்டார். கண் மூடுகிற ஆள் என்றைக்காவது படாத இடத்தில் அடி வாங்கும். அப்படிப்பட்ட ஆளிடம் பஸ்ஸையும் கொடுக்கமாட்டேன், மேடையிலும் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கொட்டிலில் சுற்று முடிந்ததை அறிவிக்க, பஸ்ஸின் பழைய பிரேக் டிரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மச்சாளுக்கு அந்த டிரம்மில் அடிக்கிற வேலையைக் கொடுத்தார். அவளைவிடச் சின்னவர்கள் மேடையில் நிற்க, அவள் கீழே இரும்புத் துண்டோடு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு பின்னேரம் போய் அந்தக் கோலத்தைக் கண்டேன்.

அடுத்த நாள் தையல் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்க முன்னமே அவள் மெஷினை மிதித்தபடி சொன்னாள்: "அத்தான், நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம். உங்கடை லைட் எண்டு எனக்குத் தெரியும். மாஸ்டர் அறிஞ்சால் பிறகு உங்களை வாசலிலையும் நிக்கவிடார். அக்காவின்ரை புருசனைத் துரத்திவிட்டிட்டு, நான் அக்காவிட்டைச் சோறு தின்ன வாறதில்லையோ?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஊசிக்குக் கீழே துணி கோணலாகத் தைபட்டுக்கொண்டிருந்தது. அவள் கோணல் தையல் தைத்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டு படத்தையும் அச்சடித்து ஓர் உறையில் போட்டேன். கையில் இருந்தது, பெண் பெரியவளானதற்குச் செய்கிற சாமத்தியவீட்டுப் படங்கள் போடுகிற ரோசாப்பூ உறைதான். தெல்லிப்பழையில் நின்று மாஸ்டரின் பஸ்ஸை மறித்து ஏறினேன். ஏறி, சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் நிறையச் சனம். கீரிமலைக்குத் தீர்த்தமாடவும் பிதிர்க்கடன் கழிக்கவும் போகிறவர்கள், மரக்கறிச் சாக்குகள். நடத்துநர் எங்கே என்று கேட்டார். அடுத்த சந்தி என்று சொல்ல வேண்டியவன், கீரிமலை என்று சொல்லிவிட்டேன். வழி முழுக்க மாஸ்டரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தரம் வாய் திறந்தேன். இரண்டு தரமும் யாரோ மணி அடித்தார்கள், பஸ் நின்றது, நான் மூடிக்கொண்டேன்.

கீரிமலையில் எல்லோரும் இறங்கிப் போனபிறகு மாஸ்டர் போத்தில் தண்ணீரில் முகம் கழுவினார். கடல்காற்றில் அவருடைய சேர்ட் படபடத்தது.

"என்ன ஐசே, பிதிர்க்கடனோ?" என்றார் என்னைக் கண்டு.

உறையை நீட்டினேன். ரோசாப்பூவைப் பார்த்துவிட்டு, யாருடைய சாமத்தியவீடு என்று கேட்டார். திறந்து முதல் படத்தைப் பார்த்தார், பிறகு இரண்டாவதை. மறுபடி முதலாவதை எடுத்து, கையை மறைப்பாக வைத்து அந்த வெள்ளைப் புள்ளிகளை உற்றுப் பார்த்தார்.

"உந்த லைட் ஆற்றை?"

"என்ரை. அவ கண் மூடினது பயத்திலை இல்லை, மாஸ்டர். நான்தான் மூடப்பண்ணினனான்." என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஒருவரின் கண்ணைப் பார்த்துக் கதைத்தது அதுதான் முதல்தரம்.

அவர் ஏசுவார் என்று நின்றேன். அவர் பஸ் படியில் குந்தினார். பிறகு சொன்னார்: "இரவிலை எதிர்லை வாறவன் பெரிய லைட்டைப் போட்டால் எனக்கும் கண் கூசுது. கூசினாப்போலை ஸ்ரியரிங்கை விடுறதோ? கண் மூடினால் மூடட்டும் ஐசே, அது ஆருக்கும் மூடும். தலை திரும்பக்கூடாது, கை இறங்கக்கூடாது. அவவுக்கு அதை நான் பழக்கேல்லை. அது என்ரை பிழை." படங்களை உறைக்குள் வைத்து என்னிடம் தராமல் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். "பின்னேரம் கொட்டிலுக்கு வாரும். உந்த லைட்டையும் கொண்டு வாரும்."

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று பின்னேரம், நெல்லியடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வெங்காயக் கொட்டிலுக்குப் போனேன். பிரேக் டிரம் வேறொருத்தியின் கைக்குப் போனது. மாஸ்டர் கையில் தோல் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு மச்சாளோடு மேடையில் நிற்பார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, நினையாத நேரத்தில் பிளாஷ் அடிக்கவேண்டும். அடித்ததும் அவர் மெத்தையால் அவள் தலைக்கு வீசுவார். முதல் வாரம் அவள் தலை ஒவ்வொரு தரமும் திரும்பி, ஒவ்வொரு தரமும் வாங்கிக் கட்டினாள். இரண்டாம் வாரம் திடீரென்று ஒன்றும் வாங்கவில்லை. மாஸ்டர் மகிழ்ந்துபோனார். மச்சாள்தான் காட்டிக்கொடுத்தாள்: "மாஸ்டர், அத்தான் லைட் அடிக்க முன்னம் மூச்சைப் பிடிக்கிறார். எனக்குக் கேக்குது." அதற்குப் பிறகு நான் வாயில் ஒரு தோடம்பழ இனிப்பைப் போட்டுச் சூப்பிக்கொண்டு அடிக்கப் பழகினேன். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து அத்தனை பேர் சிரித்தும் நான் ஓடாமல் நின்றது எனக்கே புதினம்.

ஒரு நாள் அந்த பிளாஷ் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு, கருகிய மணத்தோடு நின்றுபோனது. எத்தனை கலியாணங்களுக்கு ஈடுகொடுத்த சாமான். மச்சாள் கையை முகத்துக்கு முன்னால் பிடித்தபடியே நின்றாள். தலை நேராக இருந்தது. "காணும்," என்று பழக்கத்தை நிறுத்தினார் மாஸ்டர். "லைட்டே களைச்சுப்போச்சு."

இனி நான் பிளாஷ் இல்லாமல் படமெடுக்க வேண்டும். இங்கேதான் தெரிந்தது, இவ்வளவு காலமும் எனக்குப் படமெடுக்கத் தெரியாது, வெளிச்சம் அடிக்கத்தான் தெரியும் என்பது. கொட்டிலில் இரண்டு ரியூப் லைட். என் நீள சூம் லென்ஸ் பார்வைக்குப் பெரிது. கலியாணவீட்டில் அதைத் தூக்கினால் மரியாதை கிடைக்கும். ஆனால் அதன் வாய் சிறிது. மங்கல் வெளிச்சத்தில் அது ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்கிற நேரத்துக்குள் ஒரு கை மூன்று தரம் போய்வந்துவிடும். படத்தில் கைக்குப் பதில் புகைதான் இருக்கும். சூம் லென்ஸையும் வீடியோ விளக்கையும் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குக் கொடுத்து, மாற்றாக எண்பத்தைந்து என்று எண் போட்ட, பாவித்த லென்ஸ் ஒன்றை வாங்கினேன். நீளாது, சுருங்காது. கிட்டப் போகவேண்டுமென்றால் நாமே நடக்கவேண்டும். ஆனால் வாய் அகலம். ஒன்று புள்ளி எட்டு. இந்த எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெரிதாகும் என்பது தொழிலில் வந்த புதிதில் எனக்கு விளங்காமல் கிடந்த விசயம். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். பெரியதைக் கொடுத்துவிட்டு அரிசி அளக்கிற சுண்டு மாதிரி ஒன்றை வாங்கி வந்திருக்கிறீர்களே என்று மனைவி கேட்டாள்.

அதை வைத்து ஒரு நொடியின் அறுநூற்றில் ஒரு பங்குக்கு வந்தேன். கை அப்படியே நின்றது. படம் முழுக்கக் குறுணிபோலப் புள்ளிகள் விழுந்தன. கலியாணவீட்டுக்கு அப்படி ஒரு படம் கொடுத்தால் முகத்தில் எறிவார்கள். சண்டைக்கு அது பிழையில்லை. துப்பரவான புகையைவிடப் புள்ளி விழுந்த கை நல்லது. ரியூப் லைட்டின் துடிப்பால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். இரண்டு தரம் அமத்துகிற என் பழக்கம் அங்கே கைகொடுத்தது. எங்கே நிற்பது என்றும் பழகினேன். மேடையின் மூலைக்குப் பக்கத்தில் தாழக் குந்தி, இரண்டாம் கயிற்றுக்கும் மூன்றாம் கயிற்றுக்கும் இடையால் பார்க்கவேண்டும். எழும்பி நின்றால் முதுகுகள்தான் கிடைக்கும்.

ஆனால் குத்து விழுகிற நொடி அகப்படவில்லை. எப்போதும் விழுந்து முடிந்தபிறகுதான் வந்தது. அந்த வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் ஒருவர் நேர்த்திக்காகச் சிதறுதேங்காய் அடித்துக்கொண்டிருந்தார், ஒன்றன்பின் ஒன்றாக. நான் படமெடுத்துப் பார்த்தேன். வெடித்த சத்தம் கேட்டு அமத்தினால் வெறும் சிரட்டை. கை இறங்கும்போது அமத்தினாலும் சிரட்டைதான். தோள் மேலே ஏறி நிற்கிறதே, இன்னும் ஒன்றும் நடக்காத அந்த நொடி, அதில் விரல் போனால்தான் தேங்காய் கல்லில் பிளந்து தண்ணீர் பூப்போல விரிகிற படம் வந்தது. அடிக்கிறவர் என்னைக் கவனித்துவிட்டார். ஒவ்வொரு தேங்காயையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, சிரிக்கட்டோ?" என்று கேட்கத் தொடங்கினார். அவருடைய தேங்காய்ச் சாக்கு முடியும்வரை நின்று பழகினேன். அடுத்த பின்னேரம் கொட்டிலில் மச்சாளின் கையைப் பார்க்காமல் தோளைப் பார்த்தேன். அகப்பட்டது.

மறு வருடம் அதே உள்ளரங்கு, அதே இறுதிப் போட்டி, அதே வன்னிப் பெண். இம்முறை கதவு திறக்க முன்னமே போய்விட்டேன். வாசலில் நின்றவரிடம் நானாகப் போய், எங்கே குந்தலாம் என்று கேட்டேன். அவர் இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான். இதற்காகவா ஒரு வருடத்துக்கு முன் வெளியே நின்று சைக்கிள்களைப் பார்த்தேன் என்று இருந்தது. ஒலிபெருக்கியில் பிளாஷ் வேண்டாம் என்று சொன்னதை முழுதாகக் கேட்டேன். என்னிடம் பிளாஷே இல்லை. என்றாலும் கமராவின் தலையை ஒருக்கால் தடவிப் பார்த்தேன்.

முதல் சுற்று சரிசமம். இரண்டாவதில் நீண்ட கைக்காரி இரண்டு மூன்று நல்ல குத்துகளைப் போட்டாள். மூன்றாம் சுற்றுக்கு முன்னால் மாஸ்டர் மச்சாளின் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டு, தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அந்த ரோசாப்பூ உறை அதற்குள்தான் இருந்தது என்று பிறகு அறிந்தேன். மூன்றாம் சுற்றின் கடைசியில், இரண்டு பேரும் நடுவில் நிற்க, மச்சாளின் வலது தோள் எழுந்தது. என் விரல் போனது. அதே கணத்தில் மேடையின் பக்கவாட்டு ஓரத்தில் இருந்து யாரோ ஒருவர் போனைப் பிடித்து விளக்கடித்தார். பளிச்சென்று. நான் கண்ணை இறுக மூடித் தலையைத் திருப்பிவிட்டேன். பழையபடி எல்லாம் நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மண்டபம் ஒரே இரைச்சல். கண் திறந்து பார்த்தபோது கயிற்றில் சாய்ந்திருந்தவள் வன்னிப் பெண். நடுவர் எட்டு வரைக்கும் எண்ணினார். மச்சாள் கையை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி தன் மூலையில் நின்றாள். தலை நேராக இருந்தது.

மேடைக்குக் கீழே இருந்து புள்ளி போடுகிற ஐந்து நடுவர்களும் வெற்றியை அவளுக்கே கொடுத்தார்கள். கை உயர்த்தியபோது மாஸ்டர் மேடைப்படியில் குந்தி, வெங்காயம் இல்லாத இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சாள் நேரே கயிற்றருகில் வந்து என்னைக் குனிந்து பார்த்தாள். மூக்கு சிவந்து வீங்கியிருந்தது.

"அத்தான், அந்த லைட்டுக்குத் தலையைத் திருப்பினது நீங்கள் ஒருத்தர்தான். நான் கண்டனான்."

படமும் போயிற்று, மானமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் அங்கேயே கமராவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். தலை திரும்ப முன்னமே விரல் போயிருந்தது. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். முதல் படத்தில் வலது கை பாதி வழியில், நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. மச்சாளின் கண் திறந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் அந்தப் போனின் வெளிச்சம் அவள் முகத்தில் முழுதாக விழுந்திருக்கிறது. கையுறை எதிராளியின் நெற்றியில். எதிராளியின் தலைமயிரிலிருந்து தெறித்த வியர்வை ஒவ்வொரு துளியும் அந்த வெளிச்சத்தில் எரிகிறது. மச்சாளின் கண்கள் பாதி மூடி, பாதி திறந்து, கூசிக் கூசி, ஆனால் குத்து விழுந்த இடத்தை விட்டு அசையாமல் பார்க்கின்றன. நான் எடுத்ததில் ஆக நல்ல படம் அது. நான் கண் மூடியிருந்தபோது எடுத்தது.

நாங்கள் பஸ்ஸில்தான் ஊர் திரும்பினோம். பின்னேர வெயிலில் மாஸ்டர் வழி முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓட்டினார். தெல்லிப்பழைச் சந்தியில் இறங்குமுன், பழைய உறையை என் கையில் தந்து, இனி இது தனக்குத் தேவையில்லை என்றார்.

போன கிழமை மச்சாள் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். இப்போது அவள் நாட்டின் அணியில் இருக்கிறாள். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். படத்தில் இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள். ஸ்ரூடியோவின் பெரிய விளக்குகளுக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்து இருந்தவள், அலுமாரியில் இருந்த கருகிய பிளாஷைப் பார்த்தாள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒருக்கால் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் எண்பத்தைந்தைப் பூட்டிக்கொண்டு நின்றேன். இஞ்சை பாருங்கோ என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெளிச்சம் அடித்தது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"ஒண்டு காணும் அத்தான்," என்றாள்.

விரல் கேட்கவில்லை. இரண்டாவதும் எடுத்தேன். இரண்டிலும் கண் திறந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் மட்டும் கொஞ்சம் சிரிக்கிறாள். பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக்கூடாதாம்; முதலாவதைக் கொடுத்து அனுப்பினேன். இரண்டாவதை அலுமாரியில், அந்த பிளாஷில் சாய்த்து வைத்திருக்கிறேன். இப்போது விலை கேட்கிறவர்கள் முதலில் அந்தப் படத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்கிறார்கள். என்ரை மச்சாள் என்கிறேன். அதற்குமேலும் சில நாட்களில் கதைக்கிறேன்.